முண்டா மொழிகள்: ‘நாம்’ என்பதற்கு நான்கு சொல்

ஜார்க்கண்ட் அரசு 2023இல் ஒரு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பெயர் ‘அபுவா ஆவாஸ் யோஜனா’. ஆவாஸும் யோஜனாவும் நமக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இந்தி அரசாங்கச் சொற்கள்தான். ஆனால் முன்னால் நிற்கிற ‘அபுவா’ இந்தி இல்லை, வங்காளி இல்லை, ஒடியாவும் இல்லை. முண்டா என்ற மொழிக்கூட்டத்தைச் சேர்ந்த முண்டாரி மொழியின் சொல் அது. ‘நம்முடைய’ என்று பொருள்.

‘எங்களுடைய’ இல்லை, ‘நம்முடைய’. இந்த வித்தியாசம் தமிழ் பேசுகிறவருக்குச் சொல்லாமலே புரியும், இந்திக்காரருக்கு உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அவரிடம் இருப்பது ‘ஹம்’ ஒன்றுதான். முண்டாரியில் ‘அபு’ என்றால் கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்ட நாம். ‘அலே’ என்றால் கேட்கிறவரை விட்டுவிட்ட நாங்கள். அதோடு நிற்கவில்லை. நாம் இரண்டே பேர், நீயும் நானும் மட்டும் என்றால் ‘அலங்’. நாங்கள் இரண்டு பேர், நீ இல்லை என்றால் ‘அலிங்’. ஆக, நம்மிடம் இரண்டு, அவர்களிடம் நான்கு. ‘நாளைக்குச் சினிமாவுக்குப் போவோம்’ என்று சொல்லிவிட்டு, யார் யார் என்று பிறகு அடித்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

பிர்சா முண்டாவின் பெயரோடு இன்றும் சொல்லப்படும் முழக்கத்திலும் இதே சொல்தான்: ‘அபுவா திசும், அபுவா ராஜ்’. நம் நாடு, நம் ஆட்சி. 1875இல் உலிஹாத்து என்ற ஊரில் பிறந்து, 1899–1900இல் ஆங்கிலேயருக்கும் நிலத்தைப் பிடுங்கியவர்களுக்கும் எதிராகக் கிளம்பிய ‘உல்குலான்’ கலகத்தை நடத்தி, 25 வயதுகூட நிறையாமல் 1900 ஜூன் 9ஆம் தேதி ராஞ்சி சிறையில் இறந்தவர் அவர். ஜார்க்கண்ட் மாநிலம் 2000இல் உருவானபோது அவருடைய பிறந்தநாளான நவம்பர் 15ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, நாம்/நாங்கள் இருக்கிறது, அப்படியானால் இது தமிழுக்குச் சொந்தக்கார மொழியோ? இல்லை. முண்டா என்றதும் நம்மில் பலருக்குப் பனியன்தான் நினைவுக்கு வரும், கொஞ்சம் செய்தி படிக்கிறவருக்கு பிர்சா நினைவுக்கு வருவார். ‘ஏதோ பழங்குடி மொழி, திராவிட மொழியாகத்தான் இருக்கும்’ என்று அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். 1854இல் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர், முண்டாரியும் அதன் உறவு மொழிகளும் தமிழோடும் தெலுங்கோடும் சேராத தனிக்கூட்டம் என்று பிரித்து ‘முண்டா’ என்று பெயரிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் இது.

சொந்தம் எங்கே என்று பார்க்க எண்ணிப் பார்ப்பதுதான் சுலபமான வழி. முண்டா மொழிகளில் பெரியதான சாந்தாலியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பது மித், பார், பே, போன். இதைக் கையில் வைத்துக்கொண்டு கம்போடியாவுக்குப் போங்கள்: அங்கே மூன்று பெய், நான்கு புவன். வியட்நாமில் ஒன்று மோத், மூன்று பா, நான்கு போன். பர்மாவில் மோன் மக்களிடம் மூன்று பி, நான்கு போன். எண்கள் மட்டும் என்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம், உடம்பு உறுப்புகளும் அதையே சொல்கின்றன. கண்ணுக்கு முண்டாரியில் மெத், வியட்நாமியத்தில் மாத், மேகாலயாவின் காசி மொழியில் க்மத். கை சாந்தாலியில் தி, காசியில் க்தி, வியட்நாமில் தாய். புலி முண்டாரியில் குலா, காசியில் க்லா, கம்போடியாவிலும் கிட்டத்தட்ட அதே க்லாதான். தண்ணீர் சாந்தாலியில் தாக், கம்போடியாவில் தெக். எண்ணும் கண்ணும் கையும் தண்ணீரும் மொழிகள் சட்டென்று கடன் வாங்காத சொற்கள், அதனால்தான் மொழியியலாளர்கள் முதலில் இவற்றைத் தோண்டுகிறார்கள்.

இந்தப் பெரிய குடும்பத்துக்கு ஆஸ்திரோ ஆசிய மொழிக்குடும்பம் என்று பெயர். ‘ஆஸ்திரோ’ என்பதைப் பார்த்து ஆஸ்திரேலியாவோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், லத்தீனில் அதற்குத் தெற்கு என்று பொருள், அவ்வளவுதான். வியட்நாமியமும் கம்போடியாவின் கெமரும் இதன் பெரிய மொழிகள். இந்தியாவுக்குள் மூன்று துண்டு இருக்கிறது: நடு இந்தியாவில் முண்டா மொழிகள், மேகாலயாவில் காசி, நிக்கோபார் தீவுகளில் நிக்கோபாரியம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று வருகிறதே, அந்த நிக்கோபார்தான்.

இப்போது ஒரு கேள்வி வரும். வியட்நாம் எங்கே, ஜார்க்கண்ட் எங்கே? யார் எங்கிருந்து எங்கே போனார்கள்?

இதில் இன்னும் வாதம் நடக்கிறது. இன்று பலர் சாய்ந்திருப்பது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து இங்கே வந்தார்கள் என்ற பக்கம். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூட்டம் வந்து உள்ளூர் மக்களோடு கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வங்காள விரிகுடாவைக் கடந்து ஒடிசாவின் மகாநதிக் கழிமுகப் பக்கம் கரையேறி, அங்கிருந்து உள்ளே பரவினார்கள் என்பது சமீபத்தில் வலுத்துவரும் ஒரு கருத்து. மரபணு ஆய்வும் ஒரு சுவையான விஷயத்தைக் காட்டுகிறது: முண்டா பேசும் ஆண்களிடம் தந்தைவழியாக வரும் குறியீட்டில் பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, தாய்வழிக் குறியீடோ கிட்டத்தட்ட முழுக்க இந்த மண்ணுடையது. வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், குடும்பம் அமைந்தது இங்கே என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

மொழியின் நடையும் ஊரோடு ஒத்துப்போய்விட்டது. வியட்நாமியத்திலும் கெமரிலும் ‘நான் உண்கிறேன் சோறு’ என்ற வரிசை, சின்னச் சின்னச் சொற்கள், பின்னொட்டுக்கு வேலையே கிடையாது. முண்டா மொழிகள் நம்மைப் போல ‘நான் சோறு உண்கிறேன்’ என்று வினையைக் கடைசியில் வைக்கின்றன, ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகின்றன. நூறு தலைமுறைக்கு மேல் பக்கத்து வீட்டில் இருந்தால் பேச்சு மாறத்தானே செய்யும். முண்டா மொழி பேசுகிறவருக்குச் சொல் வியட்நாமில் இருக்கிறது, வாக்கியம் நம் பக்கம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும், மொழியியலாளர்கள் இவ்வளவு எளிதாகச் சொல்ல விடமாட்டார்கள்.

யார் யார் பேசுகிறார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி சாந்தாலி பேசுகிறவர்கள் சுமார் 73.7 லட்சம். மற்ற எல்லா முண்டா மொழிகளையும் கூட்டினாலும் இதைத் தொடாது. ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம், தவிர வங்கதேசம், நேபாளம் என்று பரந்திருக்கிறார்கள். அப்புறம் ஹோ, 14 லட்சம். முண்டாரி 11 லட்சம். கணக்கெடுப்பில் ‘முண்டா’ என்று தனியாக ஐந்து லட்சம் பேரைப் போட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்த ஆளிடம் மொழியின் பெயரை எப்படிச் சொன்னார்களோ அப்படி எழுதியதன் விளைவு. கோர்க்கு 7 லட்சத்துக்கு மேல். இவர்கள் கூட்டத்தை விட்டு வெகுதூரம் மேற்கே, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்தின் மேல்காட் மலைகளிலும் இருக்கிறார்கள். ஒடிசா–ஆந்திர எல்லையில் சோரா, சுமார் 4 லட்சம். காரியா 3 லட்சம். ஜுவாங் 30 ஆயிரம். அதற்குக் கீழே குத்தோப், போண்டா மக்களின் ரெமோ, அசுர், பிர்ஹோர் என்று சின்னச் சின்ன மொழிகள், சில ஆயிரம் பேர் வாயில் இருப்பவை.

இந்தப் பெயர்களையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோர்க்கு மொழியில் மனிதன் ‘கோரோ’, பன்மைக்கு ‘கு’ சேர்த்தால் கோர்க்கு. முண்டாரியில் மனிதன் ‘ஹோரோ’. சாந்தாலியில் ‘ஹோர்’. ஹோ மொழியில் ‘ஹோ’ மட்டும் மிச்சம். ஒரே சொல்தான், கிழக்கே வர வர முன்னால் ‘க’ கரைந்து ‘ஹ’ ஆகி, பின்னால் வாலும் உதிர்ந்திருக்கிறது. தெற்கே போண்டாக்களின் ‘ரெமோ’வுக்கும் மனிதன் என்றே பொருள். சாந்தால்கள் தங்கள் மொழியைச் சொல்வதுகூட ‘ஹோர் ரோர்’, மனிதர் பேச்சு. முண்டா, சாந்தால் எல்லாம் பிறர் வைத்தோ பிறரிடமிருந்து வந்தோ நிலைத்த பெயர்கள். ‘முண்டா’வை ஊர்த்தலைவருக்கும் சொல்வார்கள், பல ஊர்களுக்குத் தலைவர் ‘மான்கி’.

செய்தித்தாளில் வரும் முர்மு, சோரன், ஹேம்ப்ரம், கிஸ்கு, துடு, ஹான்ஸ்தா எல்லாமே சாந்தால் குலப்பெயர்கள். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. 1855இல் ஜமீன்தார், வட்டிக்காரர், கம்பெனி ஆட்சி மூன்றுக்கும் எதிராகச் சாந்தால் ஹூல் என்ற எழுச்சியை நடத்திய சித்துவும் கானுவும் முர்மு, இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் பெயரில் கணவர்வழி வந்திருப்பதும் அதே முர்மு.

ஜார்க்கண்ட் வரைபடமும் படிக்கக் கிடைத்த பாடநூல்தான். ‘ஹாத்து’ என்றால் ஊர், ‘உலி’ என்றால் மாங்காய். பிர்சா பிறந்த உலிஹாத்து நம்ம ஊர்க் கணக்கில் மாங்காடு. ‘புரு’ என்றால் மலை. சாரண்டா காட்டில் இரும்புத்தாது வெட்டும் கிரிபுரு, மேகாஹாத்துபுரு இரண்டையும் பாருங்கள், இரண்டாவது, மேகம்–ஊர்–மலை. சாந்தால்களின் பெரிய தெய்வம் மராங் புரு, பெரிய மலை. ‘திரி’ என்றால் கல். முண்டாக்கள் தங்கள் குடியின் இறந்தவர்களுக்கு வைக்கும் கல்லுக்கு ‘சாசன்திரி’ என்று பெயர். 2017, 2018இல் குந்தி மாவட்டத்தில் ‘பத்தல்கடி’ என்று ஊர் முகப்பில் பெரிய கற்களை நட்டு பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றிய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையைப் பொறித்து வைத்தார்களே, கல் நடுவது அங்கே புதிதாக முளைத்த யோசனை இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஜார்க்கண்ட் ஆதிவாசி என்றால் முண்டா மொழி என்று முடிவு கட்டக்கூடாது. ராஞ்சியைச் சுற்றி முண்டாக்களின் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒராவுன் மக்கள். அவர்கள் மொழி குடுக், அது திராவிடம், நமக்குத் தூரத்துப் பங்காளி. ராஜ்மகல் மலைகளின் மால்தோவும் அப்படித்தான். கோண்டியும் குயியும் திராவிடமே. இதற்குமேல் ஒரு சிக்கல்: ராஞ்சிப் பக்கத்து ஒராவுன்களில் ஒரு பகுதியினர் குடுக்கை விட்டு முண்டாரியின் ஒரு வட்டார வழக்கைப் பேசுகிறார்கள். ஒடிசா–ஆந்திர எல்லையில் ‘கதபா’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் மக்களில் ஒரு பிரிவின் மொழி முண்டாவைச் சேர்ந்த குத்தோப், இன்னொரு பிரிவின் மொழி திராவிடம். சாதிச் சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே பெயர்! இனம் ஒன்று, மொழி ஒன்று என்று நேர்கோடு போடுகிறவர்கள் கதபா ஊருக்கு ஒருமுறை போய்வரலாம்.

இனி மொழிக்குள். நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம், மனிதர் ஒரு பக்கம், மாடும் மரமும் மறுபக்கம். சாந்தாலியில் கோடு வேறு இடத்தில் விழுகிறது: உயிருள்ளது, உயிரில்லாதது. நாயும் மாடும் மனிதரோடு ஒரே கட்சி. இதில் வேடிக்கை, சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் உயிருள்ள பக்கம் சேர்ந்துவிடுகின்றன.

ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. ‘சேதா’ ஒரு நாய், ‘சேதாகின்’ இரண்டு நாய், ‘சேதாகோ’ மூன்றும் அதற்கு மேலும். இந்த ‘கின்’னும் ‘கோ’வும் வினைக்குள்ளும் போய் உட்காரும். தமிழில் ‘பார்த்தேன்’ என்றால் பார்த்தது நான் என்று தெரியும், யாரைப் பார்த்தேன் என்பது தெரியாது. சாந்தாலியில் ‘ஞெல்கெத்கோஆஞ்’ என்று ஒரே சொல். ஞெல் – பார், கெத் – நடந்து முடிந்தது, கோ – அவர்களை, ஆ – வாக்கியம் முடிந்தது, ஞ் – நான். ‘கோ’வை எடுத்துவிட்டு ‘கின்’ வைத்தால் பார்த்தது இரண்டு பேரை. முன்னால் வேறு சொல் வந்துவிட்டால் அந்த ‘நான்’ வினையை விட்டு இறங்கி முன்னால் இருக்கும் சொல்லில் தொற்றிக்கொள்ளும்: ‘இஞ் தாகாஞ் ஜோமா’, நான் சோறு உண்பேன். ‘தாகா’ சோறு, அதன் வாலில் தொங்குகிற ‘ஞ்’தான் நான். ‘நான் சோற்றேன் உண்’ என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

சோரா மொழி இன்னும் ஒரு படி மேலே. ‘புலி உன்னைப் பிடிக்கும்’ என்பதை ‘ஞம்கித்தம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஞம் – பிடி, கித் – புலி, கடைசி ‘அம்’ – உன்னை. புலிக்கு முழுப்பெயர் ‘கினா’; வினைக்குள் நுழையும்போது அது உடம்பைக் குறுக்கிக்கொண்டு ‘கித்’ ஆகிறது. சோராவில் எத்தனையோ பெயர்ச்சொற்களுக்கு இப்படி வெளியே ஒரு வடிவம், வினைக்குள் நுழைய ஒரு வடிவம்.

முண்டாரியில் பெயரும் வினையும் பிரியாமல் கிடப்பது இன்னொரு அதிசயம். ‘புரு’ மலை என்றேன். விறகைக் குவித்தார்கள் என்பதற்கும் அதே புருவை வினையாக்கிச் சொல்லலாம், ‘மலைத்தார்கள்’ என்பது போல. முண்டாரிக்குப் பெயர், வினை என்ற பாகுபாடே இல்லை என்று ஒரு தரப்பு, இருக்கிறது, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு தரப்பு, நெடுநாளாகச் சண்டை. அவர்களுடைய புகழ்பெற்ற சொலவடையையே பாருங்கள்: ‘சென் கீ சுசுன், காஜி கீ துரங்’. நடப்பதே ஆட்டம், பேச்சே பாட்டு. சென் – நட, நடை இரண்டும். காஜி – பேசு, பேச்சு இரண்டும். ‘கீ’ நம்முடைய ஏகாரம். தமிழில் சொல்லும்போது ‘நட’வை ‘நடப்பது’ ஆக்க வேண்டியிருந்தது, அங்கே எதையும் ஆக்கவில்லை. மின்னசோட்டாவில் பாடம் நடத்திவிட்டு ராஞ்சிக்குத் திரும்பி வந்து பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த மொழியியலாளர் ராம் தயாள் முண்டா இதைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பரப்பினார்.

ஓசையில் ஒன்று மட்டும். மேலே தண்ணீருக்கு ‘தாக்’ என்று எழுதினேன், அது பாதி உண்மை. ‘தாக்’ என்று சொல்லப்போய், கடைசி ‘க்’கை வெளியே விடாமல் தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கிவிட வேண்டும். நமக்கு இது கொஞ்சம் கஷ்டம், வல்லினத்தில் சொல் முடிந்தாலே ஓர் உகரம் போட்டு ‘தாக்கு’ ஆக்கிவிடுகிற வாய் நம்முடையது.

இந்த விழுங்கும் ஒலிதான் எழுத்தில் பெரிய தலைவலி. சாந்தாலியை வங்கத்தில் வங்காள எழுத்திலும், ஒடிசாவில் ஒடியாவிலும், பீகாரில் தேவநாகரியிலும், பாதிரிமார் ரோமன் எழுத்திலும் எழுதிவந்தார்கள். ஒரே மொழிக்காரர்கள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாது. ஒடிசாவின் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு 1925இல், தம் இருபதாவது வயதில், ‘ஓல் சிக்கி’ என்ற எழுத்தை உருவாக்கினார். மொத்தம் 30 எழுத்து. உயிர்மெய் கிடையாது, கொம்பு, கால், சுழி எதுவும் இல்லை, உயிரும் மெய்யும் தனித்தனியாக வரிசையில் நிற்கும். விழுங்கும் ஒலிகளுக்கென்றே எழுத்து உண்டு. ஹோ மொழிக்கு லாக்கோ போத்ரா ‘வாரங் சித்தி’ எழுத்தை அமைத்தார், சோராவுக்கு 1936இல் மங்கெய் கொமாங்கோ ‘சோரங் சொம்பெங்’ அமைத்தார்.

சோராவுக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. அவர்கள் வாழும் பர்லாகிமிடி மலைப்பகுதி 1936 வரை சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கில் பேச்சுநடைக்காகப் போராடியவர் என்று அறியப்படும் கிடுகு வெங்கட ராமமூர்த்தி அங்கே ஆசிரியராக இருந்தபோது சோரா கற்றுக்கொண்டு, பல்லாண்டு உழைத்து இலக்கணமும் அகராதியும் எழுதினார். 1930களில் வெளிவந்த அந்த நூல்களைச் சோரா படிக்க வருகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

இன்றைய நிலை ஒரே மாதிரி இல்லை. 2003இல் சட்டத்திருத்தம் வந்து சாந்தாலி, மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தமிழின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ஓல் சிக்கி 2008இல் யூனிகோடில் ஏறியது, 2018இல் அந்த எழுத்திலேயே விக்கிப்பீடியாவும் வந்தது. ஹோவும் முண்டாரியும் அட்டவணைக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. சின்ன மொழிகளில் நடப்பது வேறு: சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சாத்ரி என்ற பொதுமொழியோ ஒடியாவோ தெலுங்கோ வேண்டியிருக்கிறது, அது மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. முண்டா மொழி ஒன்றைப் பேசிவந்த பூமிஜ் மக்களில் பெரும்பாலோர் இன்று வங்காளியோ ஒடியாவோதான் பேசுகிறார்கள்.

திருப்பூரிலோ ஓசூரிலோ ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர் யாரையாவது பார்த்தால், ‘இந்திக்காரர்’ என்று எழுதி முடிப்பதற்கு முன் வீட்டு மொழியில் நான்கு வரை எண்ணச் சொல்லுங்கள். மித், பார், பே, போன் என்று வந்தால் சாந்தாலி. மூன்றுக்கு ‘மூந்த்’, நான்குக்கு ‘நாக்’ என்றால் குடுக், கேட்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ‘ஏக், தோ, தீன்’ என்று ஆரம்பித்தால் உடனே விட்டுவிடாதீர்கள், வீட்டில் பாட்டி எப்படி எண்ணுவார் என்று கேளுங்கள்.